ஈரம் காயும் முன்

1885 மே மாதத் தொடக்கத்தில், நெதர்லாந்தின் தெற்கே நியூனென் என்ற கிராமத்திலிருந்து பக்கத்து ஊரான ஐண்ட்ஹோவனுக்கு ஒரு படம் போய்ச் சேர்ந்தது. உயரம் 82 சென்டிமீட்டர், அகலம் 114 சென்டிமீட்டர். விளக்கடியில் ஐந்து பேர் ஒரே தட்டிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்துச் சாப்பிடுகிறார்கள். சாயம் முழுதாகக் காயவில்லை. தீட்டியவர் வின்சென்ட் வான்கா; பாதுகாக்க வாங்கி வைத்தவர் அவரிடமே ஓவியம் கற்றுக்கொண்டிருந்த ஒரு நண்பர். அவர் தோல் பதனிடும் தொழில் செய்த அந்தோன் கெர்ஸ்மேக்கர்ஸ்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். படத்தை ஏன் இன்னொரு வீட்டில் வைத்தார் என்பதைத் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் வான்காவே விளக்குகிறார். கடைசித் தொடுகைகளைச் சிறு தூரிகையால், மேற்பரப்பு நன்றாகக் காய்ந்தபின்தான் வைக்க வேண்டும். தன் அறையிலேயே படம் இருந்தால் கை சும்மா இருக்காது, ஈரத்திலேயே தீட்டிக் கெடுத்துவிடுவோம் என்று அவர் பயந்தார். அதனால் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் ஒப்படைத்தார். சில நாள் கழித்து அங்கேயே போய், முட்டை வெள்ளைக்கருவால் மேற்பரப்பைக் கழுவி மிச்ச வேலையை முடிப்பதாக ஏற்பாடு. ஆசிரியரின் படத்துக்கு மாணவர் காவல். எண்ணெய்ச் சாய ஓவியத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் குறைநிறை சொல்லும் வழக்கத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் இந்த வீட்டு வாசலைத்தான் காட்டுவேன். எண்ணெய்ச் சாயத்தில் சொல்லுக்கு ஒரு பருவம் இருக்கிறது. படம் இன்னும் மாறக்கூடிய நிலையில், அதன் முன்னால் நின்று சொன்ன சொல்தான் கற்பவரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பருவம் தவறி, படத்துக்கு வெளியே நின்று சொன்னது, முழு உண்மையாக இருந்தாலும், பெரும்பாலும் காயமாகவே தங்கியிருக்கிறது.

இதற்கு அடிப்படைக் காரணம் அந்தச் சாயத்திலேயே இருக்கிறது. நீர் வண்ணம் தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும். ஈரச் சுதையின்மேல் தீட்டும் சுவரோவியத்திலோ சுண்ணாம்பு இறுகுவதற்குள் கை ஓய்ந்துவிட வேண்டும். அப்புறம் யார் என்ன சொல்லியும் பயனில்லை, சுதையைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம் அப்படியல்ல. அது ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி மெல்ல மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு என்றால் சில நாள், கனமாக அப்பியது என்றால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கத்தியால் சுரண்டி எடுக்கலாம், துணியால் துடைக்கலாம், ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழுக்கலாம். காய்ந்தபிறகும் மேலே புதிதாகத் தீட்டலாம். தவற்றைத் திரும்பப் பெற இத்தனை வழி கொடுத்த சாயம் வேறு இல்லை. ஆனால் அதே தாமதம் ஆபத்தும்கூட. பக்கத்தில் இருப்பவர் ஏதோ சொன்னார் என்பதற்காக ஈரத்தின்மேல் ஈரத்தைப் போட்டுக்கொண்டே போனால் எல்லா நிறமும் கலந்து சேறாகிவிடும். திருத்தச் சொல்வதும், போதும் கையை எடு என்று சொல்வதும் இரண்டுமே இந்தச் சாயத்துக்குத் தேவைப்பட்டன. கெர்ஸ்மேக்கர்ஸ் செய்தது இரண்டாவது உதவி. கருத்துச் சொல்வது என்றால் குறை காட்டுவது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அந்த உதவியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்த இயல்பை உணர்ந்து ஒரு நடைமுறையை வகுத்தவை பாரிஸ் நகரத்து ஓவியக் கூடங்கள். ரோதோல்ஃப் ஜூலியான் என்பவர் 1868-ல் தொடங்கிய ஜூலியான் அகாதமி அவற்றில் பேர்பெற்றது. நுழைவுத் தேர்வு இல்லை. பணம் கட்டினால் யாரும் சேரலாம். அரசுக் கலைப்பள்ளியின் கதவு 1897 வரை பெண்களுக்குத் திறக்கவில்லை; அதனால் ஐரோப்பா, அமெரிக்கா எங்கிருந்தும் பெண்கள் இங்கே வந்தார்கள், ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டணம் கொடுத்து. வாரம் முழுக்க, பார்த்து வரைவதற்காக ஒரே ஆள் ஒரே நிலையில் நிற்க, மாணவர்கள் தீட்டிக்கொண்டிருப்பார்கள். பூகரோ, லெஃபெவ்ர், ரோபேர்-ஃப்ளூரி போன்ற பெயர்பெற்ற ஓவியர்கள் வாரத்தில் ஓரிரு நாள் வந்து, ஒவ்வொருவர் படத்தின் முன்னும் சில நிமிடம் நின்று சொல்லிவிட்டு நகர்வார்கள். அதற்குப் பெயரே 'திருத்தம்'. மதிப்பெண்ணும் தீர்ப்பும் போட்டி நாள்களுக்கு உரியவை; வாராந்தர வருகையின் வேலை திருத்துவது. 1877-ல் இங்கே சேர்ந்த மாரி பாஷ்கிர்ட்செஃப் என்ற இளம்பெண்ணின் நாட்குறிப்பு அவர் இறந்தபின் 1887-ல் அச்சானது. ஆசிரியர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், பக்கத்தில் தீட்டிய லூயிஸ் பிரெஸ்லோவுக்குக் கிடைத்த பாராட்டையும் அவர் எவ்வளவு கூர்மையாக அளந்துகொண்டிருந்தார் என்பதை அதில் காணலாம். படிக்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்தில் வந்து நிற்பார் என்ற உறுதி இருந்தது. சொன்னது சரியா தப்பா என்று மாணவியின் கை அதற்குள் சோதித்துப் பார்த்திருக்கும். 1881-ல் பாஷ்கிர்ட்செஃப் தீட்டிய ஓவியக் கூடப் படத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரு சிறுவனைப் பார்த்து வரைகிறார்கள். ஆசிரியர் அதில் இல்லை. திருத்த நாளுக்கும் திருத்த நாளுக்கும் நடுவே அந்தக் கூடம் உண்மையில் இப்படித்தான் இருந்திருக்கும்: ஒருவர் தோளுக்கு மேலாக இன்னொருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு.

பாரிஸில் காசு கொடுத்து வாங்கியதை ஐண்ட்ஹோவன் ஆட்கள் டியூப் சாயம் கொடுத்து வாங்கினார்கள். 1884 நவம்பரில் வான்கா தன் தம்பிக்கு எழுதுகிறார்: ஐண்ட்ஹோவனில் மூன்று பேர் ஓவியம் கற்க விரும்புகிறார்கள், அவர்களுக்கு ஸ்டில் லைஃப், அதாவது அசையாப் பொருள்களை வைத்துத் தீட்டுவது, கற்றுத் தருகிறேன் என்று. முன்னாள் பொற்கொல்லர் ஹெர்மன்ஸ், தந்தி அலுவலர் வான் டெ வாக்கர், தோல் தொழில் செய்த கெர்ஸ்மேக்கர்ஸ். யாரும் ஓவியத்தை நம்பிப் பிழைப்பவர்கள் அல்லர். கற்றுக்கொடுத்தவருக்கும் அப்போது வயது 31; எண்ணெய்ச் சாயத்தில் அவர் மும்முரமாக இறங்கி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஹெர்மன்ஸ் தன் வீட்டுச் சாப்பாட்டு அறையின் சுவர்ப் பலகைகளில் புனிதர்களைத் தீட்ட நினைத்திருந்தார். வான்கா அவரைப் பேசித் திருப்பி, விதைப்பு, உழவு, உருளைக்கிழங்கு நடவு, அறுவடை, ஆட்டு மந்தை, பனிக்கால விறகு என்று உழவர் வாழ்க்கையின் ஆறு காட்சிகளைத் தானே வரைந்து கொடுத்தார். ஹெர்மன்ஸ் அவற்றைப் பார்த்துப் பலகையில் தன் கையாலேயே தீட்டினார். கெர்ஸ்மேக்கர்ஸ் விஷயம் இன்னும் சுவையானது. 1912-ல் அவர் ஒரு டச்சு வார இதழில் எழுதிய நினைவுக் குறிப்பு இருக்கிறது. இயற்கைக் காட்சி தீட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வான்கா அவர் படங்களைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு அது வேண்டாம், ஜாடியும் பாத்திரமும் வைத்துத் தீட்டு, ஐம்பது முடித்தபின் பார், எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று உனக்கே தெரியும் என்ற பொருள்படச் சொன்னாராம். அதோடு நிற்கவில்லை; அதே பொருள்களை உன்கூட உட்கார்ந்து நானும் தீட்டுகிறேன் என்றாராம்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வாதத்தின் பாதி இருக்கிறது. ஒரு மண் ஜாடி, அதன் வயிற்றில் விழும் ஜன்னல் வெளிச்சம், அடிப்பாகத்தில் மேசையின் பழுப்பு ஏறிய நிழல். இரண்டு பேர் அதையே பார்க்கிறார்கள். ஒருவர் தீட்டியதில் நிழல் கறுப்பாக, செத்துக் கிடக்கிறது. மற்றவர் தீட்டியதில் அதே நிழலுக்குள் பச்சையும் செம்மையும் இருக்கின்றன. இதற்குப் பிறகு சொல்லவேண்டியது மிகக் குறைவு. "உன் நிழல் சரியில்லை" என்பது ஒரு கருத்து. "அந்த நிழலுக்குள் பச்சை தெரிகிறதா பார்" என்பது ஜாடியின் பக்கம் திருப்பிவிடும் ஒரு விரல். கற்பவர் தன்னை விட்டுவிட்டுப் பொருளைப் பார்க்கத் தொடங்குகிறார். அவமானத்துக்கு அங்கே நேரமில்லை. கெர்ஸ்மேக்கர்ஸும் சும்மா தலையாட்டிய மாணவர் அல்லர். வான்காவின் படங்களை முதலில் பார்த்தபோது அவற்றின் முரட்டுத்தனத்தை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை; முடிக்காமல் விட்டதுபோல் தோன்றியது. வீடு திரும்பிய பிறகும் அந்தப் படங்கள் மனத்தைவிட்டுப் போகாததால்தான் மறுபடி போனார் என்று அவரே எழுதியிருக்கிறார். பார்த்தவுடன் தோன்றியதை முடிந்த முடிவாக வைத்துக்கொள்ளாமல் மறுபடி போய்ப் பார்த்த ஒருவரிடம்தான், ஆறு மாதம் கழித்து, ஈரம் காயாத படம் வந்து சேர்ந்தது.

அதே வசந்தத்தில் நடந்த இன்னொன்று இதற்கு நேர் எதிர். ஏப்ரல் நடுவில், படத்தின் முந்தைய வடிவம் ஒன்று முடிந்த கையோடு, வான்கா அதை நினைவிலிருந்தே ஒரே நாளில் கல்லில் வரைந்து, ஐண்ட்ஹோவன் அச்சகம் ஒன்றில் கல்லச்சுப் பிரதிகள் எடுத்தார். இறுதிப் படம் அதற்குப் பிறகுதான் உருவானது. பிரதிகளில் ஒன்று நண்பர் அந்தோன் வான் ரப்பார்டுக்குப் போனது. பிரபுக் குடும்பத்தவர், முறையாகக் கலைப்பள்ளியில் பயின்றவர், 1880-ல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய ஐந்தாண்டு நட்பு. மே 24 தேதியிட்ட அவர் பதில் ஓவியக் கடித வரலாற்றிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. உருவங்கள் மேலோட்டமாக இருக்கின்றன என்றார். பின்னால் இருக்கும் பெண்ணின் கை பொய் என்றார். காப்பிக் கெண்டி மேசைமேல் நிற்கிறதா, கையில் இருக்கிறதா என்றே புரியவில்லை. வலப்பக்கத்து ஆளுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் ஏன் மறுக்கப்பட்டன என்று கேட்டார். ஒருத்தியின் மூக்கைக் கேலி செய்தார். இப்படிப்பட்ட வேலையை வைத்துக்கொண்டு உழவர்களைத் தீட்டிய மிய்யே போன்ற ஓவியர்களின் பெயரைச் சொல்ல உனக்கு என்ன துணிவு என்றும் கேட்டார். வான்கா அந்தக் கடிதத்தை மடித்து அவருக்கே திருப்பி அனுப்பினார். கோடை முழுவதும் விளக்கங்களும் வருத்தங்களும் கடிதங்களாகப் போய்வந்தன. செப்டம்பரோடு நட்பு முடிந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ரப்பார்ட் சொன்னது தப்பா? கல்லச்சை எடுத்துப் பாருங்கள், அந்த ஆளுக்கு உண்மையிலேயே உடம்பு இல்லை, உடுப்புதான் உட்கார்ந்திருக்கிறது. கெண்டி விஷயமும் அப்படியே. பொய்ப் பாராட்டைவிட இந்த நேர்மை மேல் அல்லவா? ரப்பார்ட் கண்ட குறைகளில் பெரும்பாலானவை உண்மை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். உடம்புகள் சரியாக வரவில்லை என்பதை வான்காவும் மறுக்கவில்லை. நினைவிலிருந்து ஒரே நாளில் செய்த கல்லச்சு அது என்றுதான் மன்றாடினார். ஆனால் ரப்பார்ட் பார்த்தது எது? நிறமில்லாத, இடம் வலம் மாறிய, அதற்குள் கடந்துபோயிருந்த ஒரு நிலையின் நிழலை. உருளைக்கிழங்கின் மண் படிந்த தோல் நிறத்தில் அந்த முகங்களை எழுப்புவதுதான் வான்காவின் முழு முயற்சியாக இருந்தது. தட்டுக்குள் நீளும் அந்தக் கைகளே மண்ணைக் கிண்டியவை என்பது தெரியவேண்டும் என்று தம்பிக்கு எழுதினார். குளிர்காலம் முழுக்க ஏறத்தாழ நாற்பது உழவர் தலைகளைத் தீட்டிப் பழகியது அதற்காக. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு முழங்காலைப் பற்றிப் பேசினால், பேச்சு எவ்வளவு சரியாக இருந்தாலும் வேறொரு படத்தைப் பற்றியதாகிவிடுகிறது. முந்தைய ஆண்டில் இரண்டு முறை நியூனெனுக்கு வந்து தங்கி, பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ரப்பார்ட். அப்போதெல்லாம் இந்த உறவு உடையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைவிட வலுவான சான்று அந்தக் கோடையிலேயே இருக்கிறது. பாரிஸில் தியோ அந்தப் படத்தைப் போர்ட்டியே என்ற ஓவிய வணிகருக்கும் செரே என்ற மூத்த ஓவியருக்கும் காட்டினார். போர்ட்டியே அதில் ஓர் ஆளுமையைக் கண்டார். செரேயோ உருவங்களின் கட்டமைப்பில் குறை கண்டார். ஏறக்குறைய ரப்பார்ட் சொன்ன அதே குறை. வான்கா செரேக்கும் எதிர்வாதம்தான் எழுதினார்: என் உருவங்கள் இலக்கணச் சுத்தமாக இருந்தால்தான் நான் மனமுடைந்து போவேன் என்கிற தொனியில். ஆனால் கடிதத்தை விட்டுவிட்டு அந்தக் கோடையில் அவர் வரைந்த தாள்களைப் பாருங்கள். குனிந்து தோண்டும் பெண்கள், கதிர் அறுக்கும் ஆட்கள். முதுகு முதுகாக இருக்கிறது, இடுப்புக்குக் கனம் வந்திருக்கிறது, பாவாடைக்குள் கால் இருப்பது தெரிகிறது. கோட்டிலிருந்து தொடங்காமல் உள்ளே இருக்கும் திரட்சியிலிருந்து உருவத்தைக் கட்டும் ஓவியர் டெலக்ருவாவின் முறையைப் பற்றிப் படித்து, அதையும் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார். செரே அவரை எள்ளவில்லை, உன்னால் முடியாது என்று சொல்லவில்லை. இன்னும் தீட்டப்போகிற ஒருவரிடம் பேசினார். ரப்பார்டின் சொல்லும் உள்ளே போய் வேலை செய்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. போயிருந்தால்கூட ஒரு நட்பை விலையாகக் கேட்டுவிட்டுப் போனது. அந்த விலை தேவையில்லாமலே அதே பாடம் கிடைத்திருக்கக்கூடும் என்பதற்கு செரே சாட்சி.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். எண்ணெய்ச் சாயத்தில் இந்தியாவின் பெரும்பெயர் ரவி வர்மா. அவருக்கு யார் திருத்தினார்கள்? திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய்ச் சாயம் அறிந்த மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்றும், 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் தான் தீட்டுவதை வேடிக்கை பார்க்க மட்டும் இடம் கொடுத்தார் என்றும் அவருடைய வரலாறுகள் சொல்கின்றன. நாயக்கரிடம் வேலை பழகிய ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவியதாகவும் சொல்வார்கள். ஆக, கருத்துச் சொல்ல ஆளில்லாமலே ஒருவர் 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெறவில்லையா? பெற்றார். ஆனால் இந்தக் கதை என் வாதத்தை வெட்டுவதைவிட அதற்கு ஆழம் சேர்க்கிறது என்றே நினைக்கிறேன். மறுத்தவர் தொழில் ரகசியமாகக் காத்தது எதை? எந்த எண்ணெய் எவ்வளவு, எந்த நிறத்தின் மேல் எதைப் போடலாம், எப்போது காத்திருக்க வேண்டும் என்பதை. அதாவது ஈரத்தின் கணக்கை. அதைச் சொல்ல ஆளில்லாத இளைஞர் ஆண்டுக்கணக்கில் தானே கெடுத்துக் கெடுத்துக் கற்க வேண்டியிருந்தது. பதக்கம் அவர் எங்கே வந்து நிற்கிறார் என்று சொன்னது. அடுத்த படத்தில் எதை மாற்றலாம் என்பதை எந்தப் பதக்கமும் சொல்வதில்லை. அன்றைய கண்காட்சிகள் அளித்தது முழுக்க இந்த வகைச் சொல்தான், சட்டம் அடித்து மாட்டியபின் வரும் சொல். அரிய திறமையும் அரச குடும்ப ஆதரவும் இருந்த ஒருவரால் அந்த வறட்சியைத் தாண்ட முடிந்தது. கற்றுத்தர ஆளில்லாமல் தூரிகையைக் கீழே வைத்தவர்களின் பெயர்கள் எந்தக் கண்காட்சிப் பட்டியலிலும் இருக்காது.

திருத்தும் வழக்கமே எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்ற குற்றச்சாட்டும் பழையது, பொருளுள்ளது. ஜூலியான் அகாதமியிலிருந்து வெளிவந்த படங்களில் ஒன்றுபோல் இருக்கும் பளபளப்பு நிறையவே உண்டு. வான்காவும் 1886-ன் தொடக்கத்தில் ஆண்ட்வெர்ப் கலைப்பள்ளியில் சேர்ந்து மோதினார். அவரைத் தொடக்க வகுப்புக்கு இறக்க வேண்டும் என்று அங்கே நடுவர்கள் முடிவெடுத்தபோது அவர் ஏற்கெனவே பாரிஸுக்குப் போய்விட்டிருந்தார். ஆனால் அங்கே அவர் முதலில் சேர்ந்தது எங்கே? மறுபடியும் ஓர் ஓவியக் கூடத்தில், கோர்மோன் என்பவரிடம். திருத்தத்தை வெறுத்தவர் என்று பெயர்வாங்கிய மனிதர் திரும்பத் திரும்பத் தன்னைத் திருத்தக்கூடிய அறைகளைத் தேடிப் போயிருக்கிறார். அவர் சீறியது சொல்லைக் கேட்டதற்காக அல்ல என்றே படுகிறது. சொன்னவர் தன் படத்தின் முன்னால் வந்து நிற்காத இடங்களில்தான் அவர் அதிகம் சீறியிருக்கிறார்.

ரப்பார்ட் 1892 வரை வாழ்ந்தார். வான்கா அவருக்கு எழுதிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்களைப் பிரிவுக்குப் பின்னும் கிழித்துப்போடாமல் வைத்திருந்தார். அதனால்தான் அவை நமக்குக் கிடைத்தன. வான்காவோ 1887-ல் தங்கைக்கு எழுதும்போதும், தான் செய்ததில் சிறந்தது அந்த உருளைக்கிழங்குப் படம்தான் என்றார். 1890 வசந்தத்தில், சேன் ரெமி மனநல விடுதியில் உடல் மிகத் தளர்ந்திருந்த நாட்களில், அதை மறுபடி தீட்ட ஆசைப்பட்டு, பழைய வரைபடங்களை அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதச் செய்தார். மேசையைச் சுற்றி அதே ஆட்களை வைத்துச் சில தாள்களில் வரைந்தும் பார்த்தார். எண்ணெய்ச் சாயத்தில் அதைத் தொடங்க அவகாசம் கிடைக்கவில்லை. ஜூலை 29 அன்று இறந்தார்.